பாண் ஓட்டோவில் வந்த அப்பா

பின்னேரம் மூன்றரை மணிக்கு லிங்கநகருக்குள் முதலில் ஒரு மெட்டு நுழையும். மெட்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டோ நுழையும். ஓட்டோவின் முதுகில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் பாண், பனிஸ், மீன் வைத்த மாலுபாண், சீனி தூவிய கிம்புலா. கேத்தில் கொதித்ததோ இல்லையோ, அந்த மெட்டுக் கேட்டதும் வீட்டுக்கு ஒருவர் பீங்கான் தட்டோடு வாசல் படலைக்கு வந்துவிடுவார். நாடு முழுக்கப் பாண் ஓட்டோக்கள் போடுவது அதே மெட்டைத்தான். கதைக்கத் தொடங்காத குழந்தைகூட அதைக் கேட்டால் வாயை அசைத்துப் பாண் தின்னும்.

அந்த ஓட்டோவை ஓட்டுபவள் ஜெசிகா. வயது முப்பத்தொன்று. ஒல்லியானவள், நெற்றியில் எப்போதும் எங்காவது ஒரு பெயின்ற் பொட்டு ஒட்டியிருக்கும். போன பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை, அவள் துணிந்து அந்த மெட்டை நிறுத்திவிட்டு வேறொன்றைப் போட்டாள். ஏன் போட்டாள் என்று விளங்க வேண்டுமானால் அவளுடைய அப்பாவின் விசிலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெசிகா பிறந்தது திருகோணமலை நகரத்தில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. அம்மா ஒரு மாரி காலத்துக் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது ஜெசிகாவுக்கு நான்கு வயது. அப்பா இராஜநாயகம் படகு எஞ்சின் திருத்துபவர். துறைமுகத்துப் பக்கம் அவருக்கு ஒரு தகரக் கொட்டில் இருந்தது. அக்கா றீற்றா ஆறு வயது மூத்தவள். தங்கைக்குத் தலை சீவி இழுத்துவிட்டது, சப்பாத்துக்கு வெள்ளை பூசியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் றீற்றாதான். பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் நேரே கொட்டிலுக்குப் போவார்கள்.

இராஜநாயகம் எஞ்சினைப் பிரித்தால் விசில் தொடங்கிவிடும். அது எந்தப் பாட்டும் இல்லை. மூன்று சுரம் படியேறும், நாலாவது சறுக்கிக் கீழே விழும், மறுபடி ஏறும். பிறகு சட்டென்று நிற்கும். விசில் நின்றால் கை பின்னால் நீளும். அந்த இடைவெளியில் றீற்றா கேட்பாள்:

"பன்னிரண்டா, பதின்நாலா?"

ஸ்பனரின் இலக்கம் அது. அப்பா வாயால் பதில் சொல்லமாட்டார். பன்னிரண்டு என்றால் ஒரு குட்டி விசில். பதின்நாலு என்றால் இரண்டு. ஸ்பனர் கைக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து மெட்டுத் தொடரும். வள்ளக்காரர்கள் இதைப் பார்ப்பதற்காகவே நல்ல எஞ்சினையும் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று அப்பா பகிடி சொல்லுவார்.

ஸ்பனர் வேலை ஜெசிகாவுக்குக் கிடைக்கவில்லை. அவள் கவிழ்த்த எண்ணெய் வாளியில் குந்தியிருந்து, உதிரிப்பாகம் வந்த காட்போட் மட்டைகளில் கிறீஸால் படம் கீறுவாள். அவளுக்கு வாய் திறந்து கதைக்க வராது. கோபம் வந்தாலும் சந்தோசம் வந்தாலும் தொண்டைக்குள் ஒரு மீன்முள் நிற்பது போல நிற்கும். ஆனால் அப்பாவின் விசில் ஏறும்போது அவளுடைய விரலும் ஏறும். விழும்போது விரலும் சறுக்கும். அப்படித்தான் அவள் படம் கீறப் பழகினாள். சத்தம் இல்லாத இடத்தில் அவளுக்கு ஒரு கோடும் ஓடாது.

வளர வளர இது ஒரு பிடிவாதமாகிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சத்தம் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி கோபித்துக்கொண்டு கதைக்காமல் விட்ட கிழமையில் கீறிய படத்துக்கு, ஆலயத்தில் பாடகர் குழு பழகும்போது நடுவில் பிசகி நின்ற வரி. சாதாரண தரப் பரீட்சை முடிந்த நாளில் கீறிய மஞ்சள் படத்துக்கு, மூதூர் பஸ்ஸின் ஹோர்ண். யாராவது படத்தைக் காட்டச் சொன்னால் முதலில் கைத்தொலைபேசியில் சத்தத்தைப் போடுவாள். பிறகுதான் படத்தைத் திருப்புவாள். சத்தம் இல்லாமல் காட்டினால் பாதி வசனத்தைச் சொல்லிவிட்டு எழும்பிப் போவது போல என்று நினைப்பாள்.

பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசித்த றிக்சனுக்கு ஒருநாள் அவள் ஒரு படம் கொடுத்தாள். அன்று தொலைபேசியில் சார்ஜ் இல்லை. அவன் படத்தை வாங்கி, திருப்பிப் பார்க்காமலே கேட்டான்:

"இதுக்கு என்ன பாட்டு?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஜெசிகா அவனைக் கலியாணம் செய்தாள். சொந்தக்காரர் ஆயிரம் காரணம் சொல்லுவார்கள். உண்மையான காரணம் இதுதான்.

நிலாவெளியில் ஒரு விடுதிக்கு அறை இலக்கப் பலகைகள் எழுதும் வேலை கொஞ்சக் காலம் கிடைத்தது. உல்லாசப் பயணிகள் வராமல் போன வருடம் விடுதியும் மூடிக்கொண்டது. அப்போதுதான் கிண்ணியாவிலிருந்து வந்து நகரத்தில் பேக்கரி நடத்தும் தாஹிர் நானா, பாண் ஓட்டோவுக்கு ஆள் தேடினார். றிக்சன் ஏற்கெனவே சொந்தமாக ஓட்டோ ஓடுபவன், அவனுக்கு நேரம் இல்லை. ஜெசிகா போய் நின்றாள்.

"ஓட்டத் தெரியுமா புள்ள?" என்று கேட்டார் தாஹிர் நானா.

"ஓம் நானா."

"கூவி விக்கத் தெரியுமா?"

"அது ஏலாது."

நானா சிரித்துவிட்டார். "அதுக்குத்தான் மெட்டு இருக்கே. நீ வாயே தொறக்கத் தேவல்ல."

வாய் திறக்கத் தேவையில்லாத வேலை! ஜெசிகாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? பேக்கரியில் தொடங்கி லிங்கநகர், பிறகு நிலாவெளி வீதியைப் பிடித்துச் சாம்பல்தீவு. கடைசித் திருப்பத்தில் றீற்றா அக்காவின் வீடு. றீற்றா அங்கேதான் கலியாணம் முடித்துப் போயிருந்தாள். தினமும் கடைசியாக அக்காவின் படலையில் நின்று, கருகின பனிஸை அக்காவுக்கே விற்று, ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவது ஜெசிகாவின் வழக்கம்.

அது இரண்டு வருடத்துக்கு முன் நின்று போனது.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று றீற்றாதான் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்றாள். ஜெசிகா பாணோடு லிங்கநகரில் நின்றாள். ஓட்டோவை அப்படியே திருப்பிக்கொண்டு ஓடினாள்; போய்ச் சேர்ந்தபோது வெள்ளைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். செத்த வீட்டில் றீற்றா கதறினாள். ஜெசிகாவுக்கு மீன்முள் குறுக்கே நின்றது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. வழக்கப்படி அட்டையில் அப்பாவின் படத்தைப் போட்டு, கீழே செபம் போட்டு, பூசைக்கு வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டைக்கு எடுத்த, பயந்து முழிக்கும் படம் ஒன்றுதான் இருந்தது. ஜெசிகா அதை விட்டுவிட்டுத் தானே ஒன்று கீறினாள். தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயைக் குவித்து விசிலடிக்கும் அப்பா. அவள் அழாததெல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. இருநூறு அட்டை அச்சாகி வந்தது.

ஒன்றை மட்டும் அவள் தவறவிட்டாள். அப்பாவின் விசிலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் இல்லாத ஒரு படத்தை அவள் அக்காவின் கையில் கொடுத்தாள்.

ஆலய வாசலில் றீற்றா கட்டைப் பிரித்தாள். பார்த்தாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"வாயை ஏன் இப்பிடிக் கீறினனீ?"

"அக்கா, அது..."

"கதையாத. உனக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இருக்குதாடி?"

றீற்றா இருநூறு அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒருவருக்கும் ஒன்றும் கொடுபடவில்லை. அடுத்த நாள் பின்னேரம் பாண் ஓட்டோ சாம்பல்தீவின் கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது, மெட்டுக் கேட்டதும் அக்காவின் படலையில் கொண்டி விழுந்தது. டக். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்த மெட்டுக்குக் கடைசித் தாளமாக அந்த டக்.

அப்பாவின் வாயில் அப்படி என்ன பிழை? இரண்டு வருடமாக ஜெசிகா யோசித்தாள். விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: அக்கா படத்தின் பாதியைத்தான் பார்த்தாள். மற்றப் பாதியை எப்படியாவது கேட்க வைக்க வேண்டும்.

அப்படியிருக்கும்போதுதான் போன பங்குனியில் ஓட்டோவின் ஸ்பீக்கர் கரகரத்தது. றிக்சன் அதைக் கழற்றி, ஈயம் ஒற்றி, சின்னச் சிப் ஒன்றைப் போட்டு மூடினான்.

"இனி இதில நீர் விரும்பின பாட்டையும் போடலாம்" என்று பகிடியாகச் சொன்னான்.

ஜெசிகா கையில் பிடித்திருந்த தேத்தண்ணீரை அப்படியே கதிரையில் வைத்தாள். பிறகு அதே கதிரையில் இருக்கப் போனாள். றிக்சன் பாய்ந்து கோப்பையை எடுத்திராவிட்டால் கதை வேறாகியிருக்கும்.

"எந்தப் பாட்டையும் போடலாமோ? உண்மையாவோ?"

"ஓம். ஏன்?"

"இஞ்ச பாருங்கோ. ஓட்டோவின்ர பின்கதவு தகரம். வெறுமனே கிடக்குது. அதில அப்பாவைக் கீறுறன். பெரிசா! மேல ஸ்பீக்கர். படமும் சத்தமும் ஒண்டாப் போகும். அக்கா படலையைப் பூட்டலாம், காதைப் பூட்ட ஏலாதே!"

றிக்சன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஒரே மூச்சில் அவள் இவ்வளவு கதைத்து அவன் கேட்டதில்லை.

தாஹிர் நானா, "பேக்கரிப் பேர் மறையாமக் கீறு, வேற ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார். அப்பாவின் கொட்டிலிலிருந்து எடுத்து வைத்த படகுப் பெயின்ற் இருந்தது: நீலம், சிவப்பு, அரைவாசி இறுகின வெள்ளை. நான்கு நாள் காலை வேளைகளில் கீறினாள். மீன்முள் எங்கே போனதென்றே தெரியவில்லை. தூரிகை வழுக்கிக்கொண்டு ஓடியது. சாய்ந்த தலை, மூடிய கண், குவிந்த வாய். நீல சேட்டுக்கு மேல் கிறீஸ் பட்ட கை.

மெட்டைத்தான் எப்படிச் செய்வது? ஜெசிகா முனகிக் காட்ட, றிக்சன் கீபோர்ட்டில் பிடித்தான். "வயலின் சத்தத்தில வாசிக்கிறன். அப்பா செத்தவர்தானே, கொஞ்சம் மெதுவாப் போகட்டும்" என்றான். மெதுவாகப் போனது. உருகிப் போனது. இடைவெளி நன்றாக இல்லை என்று அதை வயலினால் நிரப்பியும் விட்டான். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. இதைக் கேட்டுக் கல்லும் கரையும் என்று நம்பினார்கள்.

புதன்கிழமை மூன்றரைக்கு ஓட்டோ லிங்கநகருக்குள் நுழைந்தது. ஜெசிகா ஸ்பீக்கரைப் போட்டாள். வயலின் அழத் தொடங்கியது.

சனம் வந்தது. ஓடி வந்தது. ஆனால் ஒருவர் கையிலும் பீங்கான் இல்லை. பெண்கள் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தாத்தா தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஆர் பிள்ளை?" என்று கேட்டார்.

"என்ன தாத்தா?"

"எந்த வீடு? எத்தின மணிக்கு எடுக்கினம்?"

அப்போதுதான் ஜெசிகாவுக்கு உறைத்தது. திருகோணமலையில் ஊர் ஊராக மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போவதும் ஓட்டோதான். அதிலும் ஸ்பீக்கர் கட்டி, பெயர் சொல்ல முன் உருக்கமாக ஒரு வயலின் போடுவார்கள். போதாததுக்கு இந்த ஓட்டோவின் பின்கதவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மனிதர் வேறு!

"ஒருத்தரும் சாகேல்லை தாத்தா. பாண் இருக்கு."

"செத்த வீட்டிலயோ?"

"இல்லைத் தாத்தா, ஓட்டோவில!"

தாத்தா கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், துவாயை மறுபடி தோளில் போட்டார். "உந்தப் பாட்டுக்கு எனக்குப் பாண் இறங்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வழி முழுக்க இதே கூத்து. சாம்பல்தீவுக்கு வரும்போது பெட்டியில் பாண் அப்படியே குவிந்து கிடந்தது. கடைசித் திருப்பத்தில் ஓட்டோவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிக் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லி முடிக்க முதல் ஜெசிகாவின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. டக். படலை பூட்டியாயிற்று. அவள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுத் தலையை ஹேண்டிலில் சாய்த்தாள்.

அக்காவின் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கமலாதேவி வந்து கிட்ட நின்றார். அந்த ஊரில் அவருக்குத் தெரியாமல் ஒரு கோழி முட்டை போடாது.

"பிள்ளை, உமக்கு ஒண்டு சொல்லட்டே? உம்மட அக்கா ஓடி வந்தவ."

ஜெசிகா நிமிர்ந்தாள். "எங்க?"

"இஞ்ச, ஒழுங்கைக்கு! பாட்டுக் கேட்டதும் செருப்பும் போடாமல் ஓடி வந்தவ. 'தங்கச்சிக்கு என்னவாம், தங்கச்சிக்கு என்னவாம்' எண்டு என்ர கையைப் பிடிச்சு உலுப்பினவ. சனத்துக்கு நடுவில நீர் இருக்கிறதைக் கண்டிட்டு, அந்த வேகத்திலயே திரும்பிப் போய்ப் பூட்டிப்போட்டா. படத்தைக் காணேல்லை, அது மற்றப் பக்கம் நிண்டது."

விற்காத பாணெல்லாம் அந்த நிமிடமே காற்றில் பறந்தது போல இருந்தது ஜெசிகாவுக்கு. செருப்பும் போடாமல்! இரண்டு வருடம் பூட்டியிருந்த படலை, தங்கச்சிக்கு என்னவோ என்ற பயத்தில் திறந்திருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

தாஹிர் நானா மட்டும் சிரிக்கவில்லை.

"என்னா புள்ள இது? பாண் விக்க அனுப்பினா மௌத்து அறிவிச்சிட்டு வந்திருக்காய். என்ட சாச்சி கிண்ணியாவிலருந்து போன் போட்டு, தாஹிர் நீ இருக்கியா எண்டு கேக்குறா."

"நானா, இன்னும் ஒரேயொரு நாள். சனிக்கிழமை. பாண் விக்காட்டி பழைய மெட்டையே போடுறன், படத்தையும் அழிக்கிறன்."

கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத பெண் இப்படிக் கேட்கிறாளே என்று நானா அதிசயப்பட்டார். "சரி. ஆனா ஆரும் மௌத்தாகப்படாது" என்றார்.

பிழை எங்கே என்று ஜெசிகாவுக்கு இப்போது பளிச்சென்று தெரிந்தது. அப்பா எப்போது வயலின் மாதிரி அழுதார்? அந்த மெட்டு வேலை செய்கிற மனிதரின் மெட்டு. வேகமாக ஏறி, சறுக்கி, ஸ்பனருக்காக நின்று, மறுபடி ஓடுவது. வயலினும் வேண்டாம், கீபோர்ட்டும் வேண்டாம். விசில்தான் வேண்டும். ஒரே பிரச்சினை, அவளுக்கு விசிலடிக்கத் தெரியாது.

வியாழனும் வெள்ளியும் ஸ்பீக்கரில் பழைய மெட்டை ஓடவிட்டு, அவள் ஓட்டோவில் விசிலடித்துக்கொண்டே போனாள். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு எச்சில் வந்தது. "ஆரைக் கூப்பிடுறா இவ விசிலடிச்சு?" என்று லிங்கநகர்ப் பெண்கள் இடுப்பில் பீங்கானோடு நக்கலடித்தார்கள். றிக்சன் கேட்டுவிட்டு, "தண்ணி வராத குழாய் மாதிரிக் கிடக்கு" என்றான். வெள்ளிக்கிழமை பின்னேரம், சாம்பல்தீவிலிருந்து திரும்பும் வழியில், கடற்காற்று முகத்தில் அடிக்க, உதட்டை நாக்கால் நனைத்து ஒருக்கால் ஊதினாள். மூன்று சுரம் படியேறியது. நாலாவது சறுக்கி விழுந்தது. ஜெசிகா வீதி ஓரத்தில் ஓட்டோவை நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிச் சிரித்தாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ண் அடித்து ஏசிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலையில் அதைப் பதிவு செய்தார்கள். றிக்சன் தன் ஓட்டோவின் எஞ்சினைப் பின்னால் மெதுவாக ஓடவிட்டான். ஜெசிகா விசிலடித்தாள், நிறுத்தினாள், கையைப் பின்னால் நீட்டினாள், மனதுக்குள் ஸ்பனரை வாங்கினாள், தொடர்ந்தாள். "இந்த இடைவெளியை நிரப்பட்டோ?" என்று றிக்சன் கேட்டான்.

"தொடாதேங்கோ! அதுதான் முக்கியம்."

அன்று லிங்கநகரில் சனம் முதலில் சிரித்தது. விசிலடிக்கும் பாண் ஓட்டோவை யார் கண்டது? படலைக்குப் படலை பிள்ளைகள் திருப்பி விசிலடித்தார்கள். துவாய் போட்ட தாத்தா பின்கதவைச் சுற்றிவந்து பார்த்தார். "அட, இந்த மனிசன் விசிலல்லோ அடிக்குது! அண்டைக்கு நான் என்னவோ நினைச்சிட்டன்" என்றார். அரை றாத்தலுக்கு வந்தவர் ஒரு றாத்தல் வாங்கிக்கொண்டு போனார். தாஹிர் நானாவின் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஜெசிகாவின் பிரச்சினை இன்னும் நான்கு கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது.

கடைசித் திருப்பத்தில் அவள் ஓட்டோவைத் திருப்பி, பின்கதவு அக்காவின் படலையைப் பார்க்கும்படி நிறுத்தினாள். எஞ்சினை நிற்பாட்டவில்லை. ஸ்பீக்கரைப் போட்டாள்.

விசில் ஏறியது, சறுக்கியது, நின்றது. இடைவெளி. ஒன்றும் இல்லை. விசில் தொடர்ந்தது.

டக் என்ற சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. கொண்டி விழவில்லை! விசில் மறுபடி நின்றது. இடைவெளி. படலைக்கு உள்ளே யாரோ நடந்து வரும் சத்தம். விசில் தொடர்ந்தது. கமலாதேவி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, ஏதோ கேட்க வாயைத் திறந்தார். ஜெசிகா விரலை உதட்டில் வைத்ததும் மூடிக்கொண்டார். அந்த ஊரில் அது ஓர் அதிசயம்தான்.

விசில் மூன்றாம் தடவை நின்றது.

"பன்னிரண்டா, பதின்நாலா?"

படலைக்கு உள்ளேயிருந்து வந்தது அது. முப்பத்தேழு வயதுப் பெண்ணின் குரல்தான். ஆனால் கேட்ட விதம் பத்து வயதுச் சிறுமியுடையது. ஜெசிகா உதட்டைக் குவித்தாள். காற்றுத்தான் வந்தது. உதடு நடுங்கினால் விசில் வராது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்து நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். ஒன்று. இரண்டு.

பதின்நாலு.

படலை திறந்தது. றீற்றா செருப்பில்லாமல் நின்றாள். தங்கையைப் பார்க்கவில்லை, பின்கதவைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் விசில் ஓடிக்கொண்டிருந்தது. கிட்ட வந்து, தகரத்தில் அப்பாவின் குவிந்த வாயைத் தொட்டாள்.

"விசிலோடி இது?" என்றாள். "விசிலோ?"

"ஓம் அக்கா. வேற என்ன?"

றீற்றா அந்த வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை. "அண்டைக்கு ஆஸ்பத்திரியில கடைசியாய் அவற்ற வாய் இப்பிடித்தான் திறந்து கிடந்தது. மூச்சுக்கு அந்தரப்பட்டு. என்னால மூடிவிட ஏலாமல் போட்டுது. நான் மட்டும்தானே கண்டனான். நீ அந்த அட்டையைத் தர, அதையே கீறி இருநூறு அடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய் எண்டு நினைச்சன்."

ஜெசிகா அன்று அங்கே நிற்கவில்லை. அதனால் அந்த வாயை அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விசிலடிக்கும் வாய் ஒன்றுதான்.

"எனக்கு ஆரும் சொல்லேல்லையே அக்கா."

"எப்பிடியடி சொல்லுறது அதை?"

மீன்முள் தனக்கு மட்டும்தான் என்று ஜெசிகா இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அக்காவின் தொண்டையிலும் ஒன்று நின்றிருக்கிறது. அவள் ஓட்டோவிலிருந்து இறங்கினாள். இரண்டு வருடத்துக்கு முன் குசினியில் வராத அழுகை, இப்போது நடு ஒழுங்கையில், பாண் வாங்க வந்த அத்தனை பேருக்கும் முன்னால் வந்தது. றீற்றாவும் அழுதாள். அழுதுகொண்டே சேலைத் தலைப்பால் தங்கையின் நெற்றியிலிருந்த பெயின்றைத் துடைக்கப் பார்த்தாள். அது போகவில்லை.

"மூக்குப் பிழை" என்றாள் றீற்றா, படத்தைத் திரும்பிப் பார்த்து. "அப்பாக்கு இவ்வளவு நீட்டு மூக்கில்லை."

"திருத்துறன்."

"வேண்டாம், கிடக்கட்டும். நில்லு, வாறன்."

உள்ளே ஓடினாள். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு கையில் பீங்கான், மற்றக் கையில் அந்த அட்டைக் கட்டு. இருநூறும் அப்படியே இருந்தன. எரிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை என்றாள்.

"பாணோட ஒவ்வொண்டாக் குடுப்பம்" என்றாள் றீற்றா.

"இப்பவோ? ரண்டு வருசம் பிந்தியோ?"

"அண்டைக்குப் பாட்டு இல்லை. இண்டைக்குப் பாட்டு இருக்கு. போடடி!"

ஜெசிகா ஸ்பீக்கரைக் கூட்டிவிட்டாள். விசில் ஒழுங்கை முழுக்கப் பாய்ந்தது. றீற்றா கண்ணாடிக் கதவைத் திறந்து, இடைவெளி வரும்போதெல்லாம் "பன்னிரண்டா, பதின்நாலா?" என்று கூவிக்கொண்டே, பாண் ஒன்றும் அட்டை ஒன்றுமாகச் சனத்தின் கையில் வைத்தாள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் சிரித்தபடி வாங்கினார்கள்.

கமலாதேவி மதிலுக்கு அப்பாலிருந்து கையை நீட்டி ஓர் அட்டையை வாங்கினார். தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து வாசித்தார்.

"எடி பிள்ளையள், அப்ப உண்மையா ஆரோ செத்திட்டினமோ?"

"ஓம் அன்ரி" என்றாள் ஜெசிகா. "எங்கட அப்பா. விசில் கேக்குதா? கேட்டுக்கொண்டு படத்தைப் பாருங்கோ."